‘ஃபார்மேட் செய்யவா?’ என்று கணினி கேட்டால்...



ஒரு வெள்ளிக்கிழமை மாலை. மறுவாரம் மாவட்ட அளவிலான கண்காட்சி. எங்கள் பள்ளித் தொன்மைப் பாதுகாப்பு மன்ற மாணவர்கள் செங்கம் வட்டாரத்தில் மூன்று ஆண்டுகளாக எடுத்த நடுகல் படங்களும், ஊர்ப் பெரியவர்களிடம் பதிவுசெய்த பேச்சுகளும் ஒரே ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில் இருந்தன. வரலாற்று ஆசிரியர் அதை அலுவலகக் கணினியில் செருகினார். விளக்கு எரிந்தது. திரையில் ஒரு பெட்டி தோன்றியது. இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த வேண்டுமானால் முதலில் ஃபார்மேட் செய்ய வேண்டும் என்று ஆங்கிலத்தில் இருந்தது. கீழே இரண்டு பொத்தான்கள்.

“சார், ஃபார்மேட் பண்ணச் சொல்லுது. ஓகே குடுத்துடட்டுமா?”

அவர் கேட்டுவிட்டுக் காத்திருந்தார். கேட்காமலே அழுத்தியிருந்தால் இந்தக் கட்டுரையை எழுத எனக்கு மனம் வந்திருக்காது.

இன்று நம் பள்ளிகளில் ஹார்டு டிஸ்க் இல்லாத அலமாரி இல்லை. உயர்தொழில்நுட்ப ஆய்வகம், திறன்பலகை, காணொலிப் பாடங்கள், வினாத்தாள்கள், மதிப்பெண் பட்டியல்கள், ஆண்டுவிழாப் படங்கள் என எல்லாமே எங்கோ ஒரு சிறு கறுப்புப் பெட்டிக்குள் இருக்கின்றன. அது வேலை செய்யும்வரை அதைப் பற்றி நாம் நினைப்பதில்லை. வேலை செய்யாதபோது பதற்றத்தில் செய்யும் முதல் செயல்தான் பெரும்பாலும் இழப்புக்குக் காரணமாகிறது. பழுதை எந்த வரிசையில் சோதிப்பது, எங்கே நிறுத்துவது என்பதை ஆய்வகப் பொறுப்பாசிரியர் மட்டுமன்றி எல்லாரும் அறிந்திருக்க வேண்டும்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் என்பது மூன்று பொருள்களின் கூட்டு. முதலாவது, தகவல் பதிந்திருக்கும் வன்தட்டு. இரண்டாவது, வன்தட்டின் மொழியை யுஎஸ்பி மொழிக்கு மாற்றித் தரும் ஒரு சிறு மின்சுற்றுப் பலகை. மூன்றாவது, கேபிள். இவற்றோடு கணினியின் யுஎஸ்பி துளை, விண்டோஸ் அல்லது லினக்ஸ், டிஸ்க்கில் கோப்புகள் எங்கே உள்ளன என்று குறித்துவைத்திருக்கும் அட்டவணை ஆகிய மூன்றையும் சேர்த்தால், பழுது ஏற்படக்கூடிய இடங்கள் ஆறு. ‘ஹார்டு டிஸ்க் போய்விட்டது’ என்று நாம் சொல்லும்போது உண்மையில் இந்த ஆறில் ஏதோ ஒன்றுதான் போயிருக்கிறது. வன்தட்டே போயிருப்பது அவற்றில் ஒரு வாய்ப்பு மட்டுமே.

உள்ளே இருக்கும் காந்தப்பூச்சுத் தட்டு, கையடக்க டிஸ்க்குகளில் பொதுவாக நிமிடத்துக்கு 5400 முறை சுழல்கிறது. அதாவது விநாடிக்கு 90 சுற்றுகள். தட்டைத் தொடாமல் அதற்குச் சில நானோமீட்டர் உயரத்தில் படிக்கும் முனை மிதக்கிறது. நம் தலைமுடியின் தடிமன் பல்லாயிரம் நானோமீட்டர் என்று மாணவர்களிடம் சொன்னால் அந்த இடைவெளியின் நுண்மை புரிந்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க்கை மேசையில் தட்டுவதும், கேபிளைப் பிடித்துத் தூக்குவதும் எவ்வளவு ஆபத்து என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

யுஎஸ்பி வருவதற்கு முன் விசைப்பலகைக்கு ஒரு துளை, அச்சுப்பொறிக்கு ஒரு துளை, மோடத்துக்கு ஒரு துளை என்றிருந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே துளை என்ற கருத்தை முன்வைத்து உழைத்தவர்களுள் முதன்மையானவர், குஜராத்தில் பிறந்து இன்டெல் நிறுவனத்தில் பணியாற்றிய பொறியாளர் அஜய் பட். யுஎஸ்பியின் முதல் பதிப்பு 1996இல் வந்தது. 2.0 பதிப்பு 2000இல், 3.0 பதிப்பு 2008இல். இந்த எண்கள் நமக்கு ஏன் வேண்டும்? துளை தரும் மின்சாரம் பதிப்புக்குப் பதிப்பு மாறுகிறது என்பதால்தான்.

யுஎஸ்பி 2.0 துளை 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர் வரை தரும். பெருக்கினால் 2.5 வாட். 3.0 துளை 900 மில்லி ஆம்பியர் வரை தரும். அது 4.5 வாட். நின்றிருக்கும் தட்டு சுழலத் தொடங்கும் முதல் சில விநாடிகளில்தான் டிஸ்க்குக்கு மிக அதிக மின்னோட்டம் தேவை. ஓடும் மிதிவண்டியை மிதிப்பதைவிட நிற்கும் வண்டியைக் கிளப்புவது கடினம் அல்லவா? அதுபோல. அந்த நேரத்தில் துளையோ கேபிளோ போதிய மின்னோட்டம் தராவிட்டால் தட்டு சுழலத் தொடங்கி நிற்கும், மீண்டும் தொடங்கும். கணினிக்கு டிஸ்க் தெரிந்து தெரிந்து மறையும்.

முதலில் செய்யக் கூடாதவை

டிஸ்க்கில் உள்ள தகவல் தேவை என்றால், கீழ்க்கண்டவற்றை எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள்.

- ‘ஃபார்மேட்’ கேட்டால் ‘கேன்சல்’ கொடுங்கள். ‘இனிஷியலைஸ்’ என்று கேட்டாலும் அப்படியே.
- டிக்... டிக்... என்று சீராகத் தட்டும் ஒலியோ உராயும் ஒலியோ கேட்டால் திரும்பத் திரும்பச் செருகிப் பார்க்காதீர்கள்.
- உறையைக் கழற்றி வன்தட்டின் மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே விழும் ஒரு தூசே போதும்.
- குளிர்பதனப் பெட்டியில் வைப்பது, தட்டிப் பார்ப்பது போன்ற கைவைத்தியம் வேண்டாம்.
- பழுதான டிஸ்க்கில் புதிதாக எதையும் சேமிக்காதீர்கள். மீட்பு மென்பொருளைக்கூட அதில் நிறுவக் கூடாது.

படி 1: பாருங்கள், கேளுங்கள், தொட்டுப் பாருங்கள்

மருத்துவர் மருந்துச் சீட்டை எடுப்பதற்கு முன் நாடி பார்க்கிறார். நாமும் அதையே செய்வோம். விளக்கு எரிகிறதா? காதருகே வைத்தால் மெல்லிய சுழற்சி ஒலி வருகிறதா? உள்ளங்கையில் லேசான அதிர்வு தெரிகிறதா? எஸ்எஸ்டி வகை டிஸ்க் என்றால் சுழலும் பாகம் இல்லை. ஒலியும் அதிர்வும் இல்லாதது அதன் இயல்பு.

விளக்கும் இல்லை, ஒலியும் இல்லை என்றால் மின்சாரமே போகவில்லை. கேபிள், துளை, அடாப்டர் ஆகியவற்றைப் பாருங்கள். விளக்கு எரிகிறது, ஒலி சீராக இருக்கிறது, ஆனால் கணினியில் தெரியவில்லை என்றால் பழுது மென்பொருள் பக்கம் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. டிக் டிக் ஒலி வந்தால் ஒரே ஒரு முறை, கணினியின் பின்பக்கத் துளையில் நல்ல கேபிளுடன் செருகிப் பாருங்கள். போதிய மின்சாரம் கிடைக்காத டிஸ்க்கும் அப்படித் தட்டுவது உண்டு. அப்போதும் ஒலி தொடர்ந்தால் கழற்றி வைத்துவிடுங்கள். நம் வேலை அங்கே முடிந்தது.

மேசையில் நிறுத்தி வைக்கும் பெரிய டிஸ்க்குகளுக்குத் தனி அடாப்டர் உண்டு. அவற்றின் 3.5 அங்குல வன்தட்டுக்கு 12 வோல்ட் தேவை. பள்ளி அலமாரியில் ரூட்டர், ஸ்பீக்கர், ஹார்டு டிஸ்க் ஆகியவற்றின் அடாப்டர்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கும். முனை பொருந்துகிறது என்பதற்காகச் செருகக் கூடாது. அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் அளவுகளை டிஸ்க்கின் அடியில் எழுதியிருப்பதோடு ஒப்பிட வேண்டும். ஒவ்வோர் அடாப்டரிலும் எந்தக் கருவிக்கு உரியது என ஒரு காகிதத் துண்டை ஒட்டிவைத்தால் இந்தச் சிக்கலே வராது.

படி 2: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

அறிவியல் சோதனையில் ஒரு மாறியை மட்டும் மாற்றி மற்றவற்றை மாறாமல் வைக்கக் கற்றுக்கொடுக்கிறோம். பழுது பார்ப்பதும் அதே சோதனைதான். கேபிளையும் துளையையும் கணினியையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு, டிஸ்க் வேலை செய்தால் பழுது எதில் இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. பழுதான கேபிள் மீண்டும் அலமாரிக்குள் போய், அடுத்த வாரம் இன்னொருவரை ஏமாற்றும்.

முதலில் துளையை மாற்றுங்கள். மேசைக் கணினியின் முன்பக்கத் துளைகள், பெட்டிக்குள் ஒரு வயர் வழியாகத்தான் மதர்போர்டோடு இணைகின்றன. அந்த இணைப்பு தளர்ந்திருக்கலாம். பின்பக்கத் துளைகள் மதர்போர்டிலேயே உள்ளவை. எனவே டிஸ்க்குக்கு எப்போதும் பின்பக்கமே நல்லது. உள்ளே நீல நிறப் பிளாஸ்டிக் உள்ள துளை பெரும்பாலும் 3.0 வகையைச் சேர்ந்தது. அதற்கு முன்னுரிமை கொடுங்கள்.

அடுத்து, இடையில் உள்ள நீட்டிப்பு வயர், மின் அடாப்டர் இல்லாத யுஎஸ்பி ஹப் ஆகியவற்றை நீக்கி நேரடியாகச் செருகுங்கள். பிறகு கேபிளை மாற்றுங்கள். பல டிஸ்க்குகளில் இரண்டு பகுதிகளாகப் பிரிந்த தட்டையான முனை இருக்கும். அடிக்கடி வளைந்து முதலில் பழுதாவது அதுதான். கடைசியாக, வேறொரு கணினியில் செருகிப் பாருங்கள். அங்கே வேலை செய்தால் டிஸ்க் நலமாக இருக்கிறது, முதல் கணினியில்தான் கோளாறு என்று முடிவு செய்யலாம்.

எங்கள் டிஸ்க்கில் நடந்தது இதுதான். கணினி மேசைக்கு அடியில் இருந்ததால், வசதிக்காக யாரோ முன்பக்கத் துளையில் ஒரு நீளமான நீட்டிப்பு வயரை நிரந்தரமாகப் போட்டிருந்தார்கள். அதை எடுத்துவிட்டு, டிஸ்க்கோடு வந்த குட்டைக் கேபிளால் பின்பக்கத்தில் செருகினோம். ஃபார்மேட் கேட்ட பெட்டி வரவில்லை. கோப்புறைகள் வரிசையாகத் தெரிந்தன. ஆனால் கதை அத்தோடு முடியவில்லை.

படி 3: டிஸ்க் மேனேஜ்மென்ட் சொல்வதைப் படியுங்கள்

‘திஸ் பிசி’யில் டிஸ்க் தெரியவில்லை என்பதால் கணினி அதை அறியவே இல்லை என்று பொருளல்ல. விண்டோஸில் திரையின் கீழே உள்ள ஸ்டார்ட் பொத்தானின் மேல் வலது சொடுக்குச் செய்தால் வரும் பட்டியலில் ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ இருக்கும். அதைத் திறந்தால் கணினியோடு இணைந்துள்ள எல்லா டிஸ்க்குகளும் பட்டைகளாகத் தெரியும். இங்கே ஐந்து நிலைகளுள் ஒன்றைக் காண்பீர்கள்.

1. டிஸ்க் இருக்கிறது, ‘ஹெல்தி’ என்றும் இருக்கிறது, ஆனால் இ, எஃப் போன்ற எழுத்து இல்லை. மிக எளிய பழுது இது. பட்டையின் மேல் வலது சொடுக்குச் செய்து, டிரைவ் எழுத்தை மாற்றும் வரியைத் தேர்ந்து, பயன்பாட்டில் இல்லாத ஓர் எழுத்தைக் கொடுங்கள்.

2. ‘ஆஃப்லைன்’ என்று இருக்கிறது. இடப்பக்கம் டிஸ்க்கின் பெயர்மேல் வலது சொடுக்குச் செய்து ‘ஆன்லைன்’ கொடுங்கள்.

3. அளவு சரியாக இருக்கிறது, ஆனால் ‘ரா’ என்று காட்டுகிறது. கோப்பு அட்டவணை சிதைந்துள்ளது. நூலகத்தில் புத்தகங்கள் அலமாரியிலேயே இருக்க, பதிவேடு மட்டும் நனைந்துபோன நிலை. ஃபார்மேட் செய்வது என்பது புதிய வெற்றுப் பதிவேடு ஒன்றைத் தொடங்குவது. எனவே நிறுத்துங்கள். தகவல் மீட்பைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

4. ‘அன்அலோகேட்டட்’ அல்லது ‘நாட் இனிஷியலைஸ்டு’ என்று காட்டுகிறது. புத்தம்புதிய டிஸ்க் என்றால் இது இயல்பு. தகவல் இருந்த டிஸ்க் என்றால் மூன்றாம் நிலையைப் போலவே நடத்துங்கள்.

5. டிஸ்க் பட்டியலிலேயே இல்லை. அதே ஸ்டார்ட் பட்டியலில் உள்ள ‘டிவைஸ் மேனேஜர்’ பக்கம் போங்கள். மஞ்சள் முக்கோணக் குறியுடன் ஏதேனும் இருந்தால் அதன்மேல் வலது சொடுக்குச் செய்து ‘அன்இன்ஸ்டால் டிவைஸ்’ கொடுத்து, டிஸ்க்கைக் கழற்றி, கணினியை மறுதொடக்கம் செய்து மீண்டும் செருகுங்கள். விண்டோஸ் டிரைவர் மென்பொருளைத் தானே மீண்டும் ஏற்றிக்கொள்ளும். டிஸ்க்கில் உள்ள தகவலுக்கு இதனால் பாதிப்பில்லை.

படி 4: முதலில் படி எடு, பிறகு பழுது பார்

டிஸ்க் திறந்துவிட்டது. உடனே பலரும் செய்வது, அதன் ‘பிராப்பர்ட்டீஸ்’ பகுதியில் ‘டூல்ஸ்’ போய் ‘செக்’ பொத்தானை அழுத்துவது. நல்ல கருவிதான். ஆனால் அது பிழையைத் திருத்தும்போது டிஸ்க்கில் எழுதுகிறது. சிதைந்த பதிவுகளைச் சரிசெய்யும் முயற்சியில் சில கோப்புகள் பெயரற்ற துண்டுகளாகிவிடவும் கூடும். ஏற்கெனவே தளர்ந்துபோன வன்தட்டு அந்த நீண்ட வேலையைத் தாங்காமலும் போகலாம். ஆகவே திறக்கும்போதே தேவையானதை வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்துவிட வேண்டும். அதுவும், திரும்பப் பெறவே முடியாதவற்றை முதலில். இணையத்தில் மறுபடி கிடைக்கும் காணொலிகளுக்கு அவசரமில்லை.

இந்த ஒழுங்கு நமக்குப் புதிதல்ல. வேலூர் மாவட்டம் திருவல்லம் வில்வநாதேசுவரர் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. இடித்துப் புதிதாகக் கட்டுவதற்கு முன் அங்கிருந்த பழைய கல்வெட்டின் படியே இது என்று அதிலேயே குறிப்பிட்டிருக்கிறார்கள். சுவரைத் தொடுவதற்கு முன் எழுத்தைப் படி எடுத்தார்கள். உ.வே.சா. அவர்கள் ஒரே நூலுக்குப் பல ஊர்ச் சுவடிகளைத் தேடி ஒப்பிட முடிந்ததும், யாரோ பலர் படி எடுத்து வைத்திருந்ததால்தான்.

எங்கள் டிஸ்க்கில் நகலெடுக்கத் தொடங்கியபோது இரண்டு ஆண்டுக் கோப்புறைகள் சிக்கலின்றி வந்தன. இன்னொரு கோப்புறை பாதியில் நின்றது. மின்சாரம் போதாமல் அறுந்து அறுந்து இணைந்த நாள்களில் அதன் பதிவுகள் சிதைந்திருக்க வேண்டும். மீட்பு மென்பொருளால் படங்களுள் பெரும்பகுதி வந்தது. ஒலிப்பதிவுகளுள் ஒன்று மட்டும் எந்த வழியிலும் வரவில்லை. தன் ஊர் ஏரிக்கரை நடுகல்லுக்கு ஆண்டுதோறும் படையல் வைக்கும் வழக்கத்தைப் பற்றி ஒரு மூதாட்டி பேசிய பதிவு அது. மறுபடி பேசச் சொல்லிக் கேட்க அவர் இன்று இல்லை.

செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை தேடிப் படித்து, இரா. நாகசாமி அவர்களைப் பதிப்பாசிரியராகக் கொண்டு ‘செங்கம் நடுகற்கள்’ என்ற நூலாக 1972இல் வெளியிட்டது. ஆகவே கல்லில் உள்ள எழுத்து நூலிலும் நிலைத்துவிட்டது. அந்தப் பாட்டியின் குரல் ஒரே ஓர் இடத்தில் இருந்தது. அதுவே எங்கள் தவறு.

தகவல் மீட்பு: எங்கே நம் எல்லை?

டிஸ்க் சீராகச் சுழல்கிறது, ஒலி இல்லை, ‘ரா’ என்று மட்டும் காட்டுகிறது என்றால் டெஸ்ட் டிஸ்க், போட்டோரெக் போன்ற இலவசத் திறமூல மென்பொருள்களைக் கொண்டு முயலலாம். மீட்கும் கோப்புகளைக் கட்டாயம் வேறொரு டிஸ்க்கில்தான் சேமிக்க வேண்டும். போட்டோரெக் கோப்புகளின் பழைய பெயர்களை மீட்காது. ஆயிரம் படங்களும் எண்களாக வரும். அவற்றைப் பிரிக்கும் வேலைக்கு மாணவர்களின் நினைவாற்றல்தான் துணை.

கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள், வன்தட்டு தன் உடல்நலம் பற்றித் தானே வைத்திருக்கும் குறிப்புகளைக் காட்டும். ‘குட்’ என்றால் நலம். ‘காஷன்’ என்றால் அன்றே நகலெடுத்துவிட்டுப் புதிய டிஸ்க் கேட்டு விண்ணப்பியுங்கள். ‘பேட்’ என்றால் எதையும் முயலாமல் மீட்பில் தேர்ந்தவரிடம் கொடுங்கள்.

வெளியாரிடம் கொடுப்பதற்கு முன் ஒரு கேள்வி. அதில் மாணவர்களின் ஆதார் எண், பெற்றோர் தொலைபேசி எண், சாதிச் சான்று, படங்கள் இருக்கின்றனவா? குழந்தைகளின் விவரங்களுக்கு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 தனிக் கவனம் அளிக்கிறது. தலைமையாசிரியருக்குத் தெரியாமல் டிஸ்க்கைக் கடையில் விட்டுவிட்டு வருவது முறையன்று. எழுத்தில் ஒப்புதல் பெற்று, ரசீது பெற்று, வேலை முடிந்ததும் அவர்களிடம் நகல் இல்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

அடிக்கடி கேட்கப்படும் சில சிக்கல்கள்

*கோப்புறைகள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிவிட்டன.* இது வைரஸின் வேலை. பல கணினிகளுக்கு மாறிமாறிப் போகும் டிஸ்க்குகளில் இதைப் பார்க்கலாம். உண்மையான கோப்புறைகள் அழியவில்லை, மறைக்கப்பட்டிருக்கின்றன. ஷார்ட்கட்டைச் சொடுக்கினால் அந்தக் கணினிக்கும் வைரஸ் பரவும். எனவே சொடுக்காமல், ஃபோல்டர் ஆப்ஷன்ஸ் பகுதியில் ‘வியூ’ பிரிவுக்குப் போய் மறைந்த கோப்புகளைக் காட்டும்படியும், பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் கோப்புகளை மறைக்கும் டிக்கை நீக்கியும் அமைத்தால் அவை மங்கலாகத் தெரியும். வைரஸ் தடுப்பு மென்பொருளால் டிஸ்க்கை முழுமையாகச் சோதித்த பின், தேவையான கோப்புகளை மட்டும் நகலெடுங்கள்.

*டிஸ்க் செருகியிருந்தால் கணினியே தொடங்கவில்லை.* கணினி தன் உள் டிஸ்க்குக்கு முன் யுஎஸ்பியில் விண்டோஸைத் தேடுகிறது. இப்போதைக்கு டிஸ்க்கைக் கழற்றிவிட்டுக் கணினியை இயக்குங்கள். நிரந்தரத் தீர்வுக்கு, பயாஸில் பூட் வரிசையில் உள் டிஸ்க்கை முதலில் வையுங்கள்.

*இடம் நிறைய இருக்கிறது, ஆனால் பெரிய காணொலி மட்டும் ஏறவில்லை.* டிஸ்க் ஃபேட்32 முறையில் இருக்கும். அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட் முறைகளில் இந்தத் தடை இல்லை. முறையை மாற்ற ஃபார்மேட் செய்ய வேண்டியிருக்கும். எனவே எல்லாவற்றையும் வேறிடத்துக்கு மாற்றிய பின்பே செய்யுங்கள். சில தொலைக்காட்சிகளும் திறன்பலகைகளும் எல்லா முறைகளையும் படிக்காது என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள்.

*விண்டோஸில் திறக்கிறது, பாஸ் லினக்ஸில் எழுத முடியவில்லை.* விண்டோஸில் முறைப்படி வெளியேற்றாமல் கழற்றிய என்டிஎஃப்எஸ் டிஸ்க்கை லினக்ஸ் பாதுகாப்புக்காகப் படிக்க மட்டும் அனுமதிக்கும், சிலவேளை திறக்கவே மறுக்கும். மறுபடி விண்டோஸில் செருகி ‘எஜெக்ட்’ கொடுத்து எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பழைய லினக்ஸ் பதிப்புகளில் எக்ஸ்ஃபேட் படிக்கும் வசதியைத் தனியே சேர்க்க வேண்டியிருந்தது. லினக்ஸில் டிஸ்க்கின் நிலையைப் பார்க்க ‘டிஸ்க்ஸ்’ என்ற செயலி உதவும்.

*சற்று நேரம் விட்டுவிட்டால் டிஸ்க் மறைந்துவிடுகிறது.* மின்சிக்கனத்துக்காக விண்டோஸ் யுஎஸ்பியை உறங்கவைக்கிறது. பவர் ஆப்ஷன்ஸின் மேம்பட்ட அமைப்புகளில் ‘யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பென்ட்’ என்பதை நிறுத்துங்கள்.

*எஜெக்ட் கொடுத்தால் ‘பயன்பாட்டில் உள்ளது’ என்கிறது.* ஏதோ ஒரு கோப்பு திறந்திருக்கிறது. எல்லாவற்றையும் மூடிப் பாருங்கள். அப்போதும் மறுத்தால் கணினியை அணைத்துவிட்டு, விளக்கு அணைந்த பின் கழற்றுங்கள். நீண்ட மணி அடித்துவிட்டது என்பதற்காகப் பிடுங்காதீர்கள்.

வகுப்பறையில் இதை எப்படிப் பயன்படுத்தலாம்?

ஆறாம் வகுப்பு அறிவியலில் கணினியின் பாகங்கள், வன்பொருள், மென்பொருள் பற்றிப் பாடங்கள் உள்ளன. பயன்படாத பழைய வன்தட்டு ஒன்றைத் திறந்து தட்டையும் முனையையும் காட்டினால் அந்தப் பாடம் மறக்காது. உள்ளே இருக்கும் காந்தங்கள் மிக வலிமையானவை. சிறுவர்களின் விரல் நசுங்காமல் ஆசிரியரே கையாள வேண்டும்.

கணிதத்துக்கு இரண்டு கணக்குகள். ஒன்று: 1 டிபி டிஸ்க்கை வாங்கினால் விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டுகிறது. மீதி எங்கே? எதுவும் குறையவில்லை. தயாரிப்பாளர் 1 டிபி என்பதை லட்சம் கோடி பைட்டாகக் கணக்கிடுகிறார். விண்டோஸோ 1024-ஐ மூன்றுமுறை பெருக்கி வரும் 1,07,37,41,824 பைட்டை ஒரு ஜிபியாகக் கொள்கிறது. வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு: யுஎஸ்பி 2.0 துளையில் நடைமுறையில் விநாடிக்கு 30 எம்பி வேகம் கிடைத்தால் 100 ஜிபியை நகலெடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு மணிநேரத்துக்குச் சற்றுக் குறைவு. 3.0 துளையில் 100 எம்பி வேகம் கிடைத்தால் ஏறத்தாழ 17 நிமிடம். மாலை நாலரை மணிக்கு நகலெடுக்கத் தொடங்கலாமா, காலையில் தொடங்கலாமா என்று மாணவர்களே முடிவு சொல்வார்கள்.

மேல்வகுப்புகளில் ஒரு கேபிளை வேண்டுமென்றே தளர்த்திவைத்து, ‘ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்’ என்ற விதிப்படி பழுதைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம். முயன்றதையும் விளைவையும் குறிப்பேட்டில் வரிசையாக எழுதச் செய்யுங்கள். இதற்குத் தகவல் இல்லாத டிஸ்க்கை மட்டுமே பயன்படுத்துங்கள்.

நம் பள்ளிக்கு ஒரு சிறு ஏற்பாடு

முக்கியமான எதற்கும் மூன்று படிகள் இருக்கட்டும். அவை இரண்டு வகைக் கருவிகளிலாவது இருக்கட்டும். அவற்றுள் ஒன்று பள்ளிக்கு வெளியே, வேறு கட்டடத்திலோ துறை அனுமதிக்கும் இணையச் சேமிப்பிலோ இருக்கட்டும். ஒரே அலமாரியில் இருக்கும் இரண்டு டிஸ்க்குகள் ஒரே மழைக்கசிவில் நனையும்.

மாதத்தின் கடைசி வேலைநாளை நகலெடுக்கும் நாளாக வைத்துக்கொள்ளலாம். நகலெடுத்தால் மட்டும் போதாது, நகலில் ஏதேனும் இரண்டு கோப்புகளைத் திறந்து பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத நகலை நகல் என்று நம்ப முடியாது. டிஸ்க்கோடு ஒரு சிறு பதிவேடு இருக்கட்டும். எந்த நாள், யார், எதை நகலெடுத்தார் என்று ஒரு வரி. பொறுப்பாசிரியர் மாறுதலில் போனாலும் பதிவேடு பள்ளியில் இருக்கும்.

எங்கள் பள்ளியில் இப்போது அந்த நீட்டிப்பு வயர் இல்லை. கணினிப்பெட்டி மேசைமேல் ஏறிவிட்டது. ஒலிப்பதிவு செய்து திரும்பும் மாணவர்கள், அன்று மாலையே இரண்டு டிஸ்க்குகளில் ஏற்றிப் பதிவேட்டில் கையெழுத்திட்ட பிறகுதான் வீட்டுக்குப் போகிறார்கள். கண்காட்சியில் மீட்ட படங்களை வைத்தோம். வராத அந்த ஒலிப்பதிவுக்கு உரிய இடத்தில், அந்தப் பாட்டி சொன்னவற்றுள் மாணவர்களுக்கு நினைவில் இருந்ததை ஒரு தாளில் எழுதி ஒட்டினார்கள். ஒன்பது வரிதான் தேறியது.

தோழர்களே, இந்த இதழைப் படித்து முடித்ததும் உங்கள் பள்ளி அலமாரியைத் திறந்து, ஒரே ஒரு டிஸ்க்கில் மட்டும் இருப்பது எது என்று பாருங்கள். இன்றே அதற்கு ஒரு படி எடுத்துவிடுங்கள்.